பொய்ம்முடியும் மானமும்

திருக்குறளிலே 'மானம்' என்பது ஓர் அதிகாரம். அதிலுள்ள பத்துக் குறள்களுள் இரண்டிலே மயிர் பேசப்படுகின்றது. ஒன்றிலே, தமக்குரிய நிலையிலிருந்து தாழ்ந்துவிட்டவர்கள் தலையைவிட்டு விழுந்த மயிருக்கு ஒப்பிடப்படுகின்றனர். மற்றொன்றிலே கவரிமா வருகின்றது. தன் மயிரை இழக்க நேர்ந்தால் அவ்விலங்கு உயிர்தாங்கி இருப்பதில்லையாம். மானமுடையோர் அதனைப் போல்வர் என்பது கருத்து. ஒரே அதிகாரத்திலே, ஒரே பொருள் இழிவுக்கும் உவமையாகின்றது, உயர்வுக்கும் உவமையாகின்றது.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இவ்வதிகாரத்தை நான் படிப்பித்து வருகின்றேன். வீழ்ந்த மயிரைச் சொல்லும் குறளுக்கு வந்ததும் வகுப்பிலே சிரிப்பு எழும். மயிர் என்ற சொல் இக்கால வழக்கிலே வசைச்சொல்லாய்ப் போனமையே அதற்குக் காரணம். நானும் சிரித்துக்கொண்டே, "தலையில் இருக்கும்வரை குழல், கூந்தல், ஓதி, கதுப்பு, தரையில் விழுந்தால் குப்பை" என்று சொல்லி அடுத்த குறளுக்குப் போய்விடுவேன். சொற்பொருள் சரி, இலக்கணக் குறிப்பும் சரி. பரீட்சைக்கு அதற்குமேல் வேண்டியதில்லை.

அவ்விரு குறள்களையும் நான் மறுபடி படிக்க நேர்ந்தது சென்ற ஆண்டிலே. படித்த இடம் ஒரு விமான நிலையம்.

*

எனக்கு ஒரு தமக்கையார் உளர். என்னிலும் பத்து வயது மூத்தவர். இளமையிலே தாயை இழந்த எனக்கு அவரே தாய். பள்ளிக்கூடம் போகுமுன் எனக்குத் தலைவாரி விட்ட கை அவருடையது. அவருடைய கூந்தலோ ஊர் அறிந்த கூந்தல். அறுபது வயதிலும் அது கொண்டையில் அடங்காது.

அவருக்கு மார்பிலே புற்றுநோய் கண்டது. மகரகமையிலே சத்திரசிகிச்சை நடந்தது. அதன்பின் மருந்து ஏற்றினார்கள். புற்றுநோய்க் கலங்கள் விரைந்து பெருகுவன. விரைந்து பெருகும் கலங்களைத் தாக்குவதே அம்மருந்தின் தொழில். மயிர்க்கால்களில் உள்ள கலங்களும் விரைந்து பெருகுவனவே. மருந்துக்குப் பகை இது, உறவு இது என்ற பேதம் தெரியாது; இரண்டையும் தாக்கும். ஆதலால் மருந்து ஏற்றத் தொடங்கி இரண்டு மூன்று வாரங்களிலே மயிர் உதிரத் தொடங்கும். மருந்து முடிந்து சில மாதங்களில் மீண்டும் முளைக்கும். இவற்றையெல்லாம் வைத்தியர் முன்னரே விளக்கியிருந்தார். விளக்கத்தைக் கேட்டு அறிவு அமைந்தது, மனம் அமையவில்லை.

ஒருநாட் காலையிலே அக்கா சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு விறாந்தையில் இருந்தார். சீப்பு நிறைய மயிர். "தம்பி, மார்பை எடுத்தபோது நான் அழேல்லை. அது சீலைக்குள்ளை மறைஞ்சு போச்சு. இதை நான் எங்கை மறைக்கிறது?" என்று கேட்டார். நான் பண்டிதன். எத்தனையோ நூல்களுக்கு உரை சொல்பவன். அக்கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

விடை கொழும்பிலிருந்து ஒரு பெட்டியில் வந்தது. அக்காவின் மூத்த மகள் அனுப்பிவைத்த பொய்ம்முடி அது.

இப்பொருளை என்ன பெயரால் வழங்குவது என்பதிலே எங்கள் வீட்டில் ஒரு சிறு வாதம் நிகழ்ந்தது. 'விக்' என்றனர் பிள்ளைகள். 'டோப்பா' என்றார் ஒரு முதியவர். "அது கூத்துக்காரர் போடுறது" என்று அக்கா மறுத்துவிட்டார். நான் 'சவரி' என்ற சொல்லை எடுத்துக் கொடுத்தேன். சவரி என்பது பெண்கள் தம் கூந்தலோடு சேர்த்து முடியும் மயிர். அச்சொல்லுக்குக் கவரிமா என்றும் அகராதி பொருள் கூறும். கவரிமாவின் வால்மயிர் அதற்கு உதவியது போலும். மயிர் போனால் உயிரும் போகும் என்று புகழப்பட்ட விலங்கின் பெயரே, மயிர் போனவர்க்கு உதவும் பொருளுக்கும் பெயராயிற்று. இதனை நான் விரித்துரைத்தபோது ஒருவரும் கேட்கவில்லை. அக்கா அதனைத் 'தலை' என்றே அழைத்தார். "என்ரை தலையை அலுமாரிக்குள்ளை வைச்சிட்டன், எடுத்துத் தா பிள்ளை" என்பார். நோய் வந்தபின் அவ்வீட்டிலே சிரிப்புக் கேட்டது அப்போதுதான்.

பொய்ம்முடி செய்யும் தொழில் சிறிய தொழிலன்று. மெல்லிய வலைத் தொப்பி ஒன்றிலே மயிரைச் சிறு சிறு கற்றையாக முடிந்து அதனைச் செய்கின்றனர். செயற்கை இழையாலும் செய்வர். மனித மயிராலும் செய்வர். திருமலையிலே வேங்கடவனுக்குக் காணிக்கையாக இறக்கும் முடியைத் தேவஸ்தானம் ஏலத்தில் விற்கின்றது. அது கடல் கடந்து பிறர் தலைக்குப் போகின்றது. 2004 ஆம் ஆண்டிலே, அம்மயிர் வேற்றுத் தெய்வ வழிபாட்டோடு தொடர்புடையது என்று யூத சமயக் குருமார் சிலர் விலக்கினர். யூதப் பெண்கள் பலர் தம் பொய்ம்முடிகளைத் தெருவிலிட்டு எரித்தனர். மணமான பெண் தன் சொந்த மயிரைப் பிறர் காணாது மறைத்தல் வைதிக யூதரிடையே ஒழுக்கம். அம்மறைப்புக்காகவே அவர்கள் பொய்ம்முடி அணிகின்றனர். இருந்த மயிரை மறைக்க அவர்கள் அணிந்தனர். இல்லாத மயிரை மறைக்க அக்கா அணிந்தார். இரண்டும் ஒழுக்கமே.

*

அக்காவின் இளைய மகளுக்குக் கனடாவிலே கலியாணம் நிச்சயமாயிற்று. கடைசி மருந்து ஏற்றி ஆறு வாரம் கழிந்திருந்தது. வைத்தியர் பிரயாணத்துக்கு இசைந்தார். துணையாக நான் போனேன். கொழும்பிலிருந்து புறப்பட்டு, இடைவழியில் ஒரு பெருநகரிலே விமானம் மாறவேண்டும். புறப்பட்ட இடத்தில் இடர் எதுவும் நேரவில்லை.

விமானத்திலே எமக்கு அடுத்த வரிசையில் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த அம்மையாரும் அக்காவும் ஊர் விசாரித்து, உறவு விசாரித்து, ஈற்றில் ஒரு தூரத்து முறையும் கண்டுபிடித்துவிட்டனர். "உங்கடை தலைமயிர் இந்த வயதிலும் என்ன வடிவு!" என்று அவர் சொன்னார். அக்கா சிரித்தார். அச்சிரிப்பிலே கூச்சமும் இருந்தது; ஒரு குழந்தைத்தனமான மகிழ்ச்சியும் இருந்தது.

இடைநகரிலே மறுபடியும் சோதனை. இங்கு இருந்தது உடல் முழுவதையும் நோக்கும் யந்திரம். கண்ணாடிக் கூடு ஒன்றினுள்ளே கைகளை உயர்த்தி நிற்கவேண்டும். மில்லிமீற்றர் அளவான அலைகள் உடையை ஊடுருவிச் சென்று உடலிற் பட்டு மீள்கின்றன. உடலோடு ஒவ்வாத பொருள் ஏதும் இருந்தால் யந்திரம் அறிவிக்கும். வெளியே ஒரு திரை. அதிலே தெரிவது நிற்பவருடைய உருவமன்று. எல்லோருக்கும் பொதுவான ஒரு பாவை. ஐயமான இடத்திலே பாவையின்மேல் ஒரு மஞ்சட் சதுரம் விழும். அக்கா நின்றபோது அச்சதுரம் தலையில் விழுந்தது. பொய்ம்முடியின் உள்ளே நான்கு உலோகக் கிளிப்புகள் இருந்தன. திரையிலிருந்த பாவைக்கோ தலைமயிரே இல்லை.

உத்தியோகத்தர் ஓர் இளைஞர். முகத்திலே கொடுமை இல்லை, அவசரம் இருந்தது. தலையைச் சுட்டி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். அக்காவுக்கு விளங்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். அது பொய்ம்முடியா என்று கேட்டார். ஆம் என்றேன். அப்படியானால் கழற்றச் சொல்லும் என்றார்.

நான் அக்காவைப் பார்த்து, "அக்கா, அதைக் கழற்றட்டாம்" என்றேன்.

வகுப்பறையின் கடைசி வாங்குக்கும் எட்டும்படி பேசிப் பழகிய குரல் என்னுடையது. அக்குரலிலே, தமிழிலே, அவ்வளவு பேருக்கு நடுவிலே நான் அதைச் சொன்னேன். வரிசையில் எமக்குப் பின்னால் நின்றது அந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஆங்கிலத்திற் கேட்ட கேள்வி நூறு பேருக்கு நடுவிலே ஒன்றாய்ப் போயிருக்கும். தமிழிற் சொன்ன சொல் போகவேண்டிய காதுக்கே போயிற்று.

அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு நான்கு கிளிப்புகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். அது சப்பாத்துகளும் இடுப்புப்பட்டிகளும் போகும் பிளாஸ்டிக் தட்டிலே வைக்கப்பட்டு யந்திரத்தினுள்ளே போயிற்று. அது மறுபுறம் வரும்வரை அக்கா வெறுந்தலையோடு நின்றார். இரண்டு நிமிடம் இருக்கலாம். பின்னால் நின்ற அம்மையாரும் அவர் பிள்ளைகளும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டனர். அது அவர்கள் செய்த மரியாதை. அம்மரியாதையைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை.

மீதிப் பிரயாணம் முழுவதும் அக்கா பேசவில்லை. பொய்ம்முடியைக் கைப்பைக்குள் வைத்துவிட்டுச் சால்வையால் தலையை மூடிக்கொண்டார். கலியாண வீட்டிலும் அதனை அணிய மறுத்தார். மகளுக்கு முன்னே நிற்கவேண்டிய தாய், பின்வரிசைக் கதிரையில் இருந்தார். மகள் மணவறையிலிருந்து இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். "பாத்தவை பாத்திட்டினம். இனி என்னத்தை மறைக்கிறது?" என்பதே அக்கா சொன்ன ஒரே வார்த்தை.

*

அதன்பின் இவ்விடயத்தை நான் விசாரிக்கத் தொடங்கினேன். முதலிற் கோபத்தோடுதான் விசாரித்தேன். விசாரித்தபோது உத்தியோகத்தர் பக்கத்து நியாயமும் தெரிந்தது.

2019 ஆம் ஆண்டிலே, ஸ்பெயின் நாட்டுப் பார்சலோனா விமான நிலையத்திலே ஒருவர் பிடிபட்டார். கொலம்பியாவின் பொகொட்டா நகரிலிருந்து வந்தவர். அவருடைய பொய்ம்முடி அளவுக்கு மிஞ்சி உயர்ந்திருந்தது. அதன் கீழே ஏறத்தாழ அரைக் கிலோ கொக்கெயின் இருந்தது. 2021 மார்ச் மாதத்திலே, சென்னை விமான நிலையத்திலே சிலர் பிடிபட்டனர். தலையின் நடுவை மழித்து, பசையாகக் குழைத்த பொன்னை அங்கே வைத்து, அதன்மேற் பொய்ம்முடியை ஒட்டிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். ஆகவே பொய்ம்முடியைச் சோதிக்கவே கூடாது என்று சொல்ல இயலாது.

இச்சோதனையின் வரலாறும் அச்சத்திலே பிறந்தது. விமானக் கடத்தல்கள் மலிந்தமையால், ஐக்கிய அமெரிக்காவிலே 1973 ஜனவரி முதல் எல்லாப் பிரயாணிகளையும் சோதித்தல் கட்டாயமாயிற்று. 2001 செப்டெம்பரின் பின் அது இறுகிற்று. 2009 நத்தார் தினத்திலே, உள்ளாடையில் வெடிமருந்தை மறைத்துக்கொண்டு ஒருவன் விமானத்திற் போனான். உடல் நோக்கும் யந்திரங்கள் அதன்பின் பெருகின. அவற்றுட் சில உடலின் வடிவத்தை அப்படியே காட்டின. மக்கள் அதனை வெறுத்தனர். 2013 ஆம் ஆண்டிலே அவை அமெரிக்க விமான நிலையங்களினின்றும் அகற்றப்பட்டன. பொதுப் பாவையைக் காட்டும் யந்திரங்களே நிலைத்தன. யந்திரத்துக்கு நாணம் கற்பித்தார்கள் என்று சொல்லலாம். யந்திரத்தின் அருகில் நிற்கும் மனிதருக்கும் அது வேண்டுமன்றோ?

மனிதருக்கும் விதிகள் உண்டு. அமெரிக்க விமான நிலையங்களிலே, மேலதிக சோதனை வேண்டியவர் தனியறையைக் கேட்கலாம். சோதிப்பவர் பெண்ணாயின் பெண்ணும், ஆணாயின் ஆணுமாக இருப்பர். துணைக்கு ஒருவரையும் அழைத்துப் போகலாம். சீக்கியர் தலைப்பாகையைக் கழற்றாமல், தாமே அதனைத் தடவிக் காட்டலாம். பின்னர் அக்கைகளைத் துணித்துண்டால் ஒற்றி, வெடிமருந்தின் சுவடு உண்டோ என்று பார்ப்பர். தலைப்பாகையும் பொய்ம்முடியும் யந்திரத்தின் பொய்யெச்சரிக்கைகளைக் கூட்டவோ குறைக்கவோ கூடும் என்பதை 2014 ஆம் ஆண்டிலே அந்நாட்டு அரசாங்கக் கணக்காய்வு அலுவலகமும் குறித்திருக்கின்றது. கறுப்பினப் பெண்களின் பின்னற் கூந்தலைக் காரணமின்றிக் கிளறிச் சோதிக்கின்றனர் என்று முறைப்பாடு எழுந்தது. 2015 ஆம் ஆண்டிலே, உத்தியோகத்தருக்கு அதுபற்றிப் பயிற்சி அளிக்கப் பாதுகாப்பு நிருவாகம் இசைந்தது.

எல்லா நாட்டு விதிகளும் ஒன்றல்ல. ஆயினும் தனியறை வேண்டும் என்று எங்கும் வாய்திறந்து கேட்கலாம். நான் கேட்கவில்லை. அந்த இளைஞர் சொன்னதை மொழிபெயர்த்தேன், அவ்வளவே. மொழிபெயர்ப்புப் பிழையற்றது. பிழை வேறிடத்தில் இருந்தது.

*

நன்னூல் தகுதி வழக்கை மூன்றாக வகுக்கின்றது. வெளிப்படச் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைத்துச் சொல்லுதல் இடக்கரடக்கல். மங்கலமில்லாததை மங்கலமான சொல்லாற் சொல்லுதல் மங்கலம். செத்தார் என்னாது துஞ்சினார் என்பது போல. ஒரு கூட்டத்தார் ஒரு பொருளின் பெயரை மறைத்துத் தமக்குள் வேறு பெயரால் வழங்குதல் குழூஉக்குறி; பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது போல. மூன்றிலும் உள்ளது மறைப்பு. மூன்றையும் இலக்கணம் பொய் என்று தள்ளவில்லை. தகுதி என்று கொண்டது.

சென்னையிலே பொன்னை மூடிய பொய்ம்முடி குழூஉக்குறியின் பாற்பட்டது. பிறர் அறியக்கூடாது என்பதே அதன் நோக்கம். ஆனால் இங்கே வஞ்சனையும் கூடிற்று. அக்காவின் பொய்ம்முடி மங்கலம். நோய் வந்த தலையை நோயற்ற தலை போலக் காட்டி, காண்பவர் மனமும் தன் மனமும் வருந்தாமற் காப்பது அது. வெளித்தோற்றத்திலே இரண்டும் ஒன்றே. யந்திரம் இரண்டிலும் மஞ்சட் சதுரத்தையே காட்டும். அதற்கு மேலே அறிவதற்குச் சோதித்தே ஆகவேண்டும். அதிலே வழக்கில்லை. ஆனால், சோதித்து அது மங்கலம் என்று கண்டபின், அந்த மங்கலம் மங்கலமாகவே எஞ்சியிருக்க வேண்டும். நூறு பேருக்கு முன்னே உடைத்துப் பார்த்துவிட்டு, "உள்ளே ஒன்றுமில்லை, கொண்டு போ" என்று திருப்பிக் கொடுத்தால், கொடுக்கப்படுவது மயிர் மாத்திரமே. சோதனை வேண்டும், அது மறைவில் வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவே.

*

திரும்பி வரும்போது மருமகள் ஒரு கடதாசித் துண்டிலே ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதித் தந்தாள். இவர் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்; பொய்ம்முடி அணிந்திருக்கின்றார்; தனியிடத்திலே பெண் உத்தியோகத்தர் ஒருவரால் சோதிக்கப்பட விரும்புகின்றார். அவ்வளவுதான். அக்கா அதனை நம்பவில்லை. சால்வையோடே வருவேன் என்றார். மகள் தாயைக் கதிரையில் இருத்தி, தன் கையாலேயே பொய்ம்முடியை அணிவித்தாள். மகளுக்காக அக்கா இசைந்தார்.

சோதனை வரிசைக்குப் போகுமுன்னரே கடதாசியை நீட்டினேன். நடுத்தர வயதுப் பெண் உத்தியோகத்தர் ஒருவர் வந்தார். வாசித்தார். அக்காவை ஒரு சிறிய அறைக்கு அழைத்துப் போனார். நானும் எழுந்தேன். "நீ நில், தம்பி" என்றார் அக்கா. கதவு சாத்தப்பட்டது.

மூன்று நிமிடத்தின் பின் அக்கா வெளியே வந்தார். தலை போனபடியே இருந்தது. "எடுக்கச் சொல்லேல்லை. என்ரை கையாலையே தடவச் சொன்னவ. பிறகு கையை ஒரு துணியாலை துடைச்சுப் பாத்தவ. முடிஞ்சு போச்சு. சுவரிலை இருந்த கண்ணாடியையும் காட்டினவ, சரியா இருக்கோ எண்டு பாக்க" என்றார்.

அந்த விமானத்திலேதான் நான் கேட்டேன். "அக்கா, அண்டைக்கு நான் மெல்லச் சொல்லியிருக்கலாம்."

அக்கா சிறிது நேரம் பேசாதிருந்தார். "நீ என்ன செய்வாய்? வகுப்பிலை கதைச்சுப் பழகின குரல்" என்றார். அது மன்னிப்போ, குற்றச்சாட்டோ? இரண்டுக்கும் பொருந்தும் ஒரு தொடர் அது. இன்றுவரை நான் அதற்கு உரை காணவில்லை.

இப்போது அக்காவின் தலையிலே இரண்டங்குல மயிர் முளைத்திருக்கின்றது. முன்பு நீண்டிருந்தது சுருண்டு வருகின்றது. பொய்ம்முடி அயலூரிலே மருந்து ஏற்றும் வேறோர் அம்மையாரிடம் போயிற்று. அவருக்கு அடுத்த மாதம் சென்னைக்குப் பிரயாணம் இருக்கின்றதாம். அக்கா பெட்டிக்குள்ளே அந்தக் கடதாசித் துண்டையும் வைத்து அனுப்பினார். அதன் பின்புறத்திலே தமிழிலும் எழுதித் தரும்படி என்னைக் கேட்டார். எழுதினேன். பண்டிதத் தமிழ் வேண்டாம், விளங்கும் தமிழில் எழுது என்றார். அப்படியே எழுதினேன்.

சென்ற தவணையிலே மறுபடியும் 'மானம்' அதிகாரம் வந்தது. வீழ்ந்த மயிரைச் சொல்லும் குறளுக்கு வந்ததும் வழக்கம்போல வகுப்பிலே சிரிப்பு எழுந்தது. நான் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. சிரிப்பு அடங்கும்வரை இருந்து, பாடத்தை மெல்லிய குரலிலே தொடங்கினேன். கடைசி வாங்கிலிருந்த மாணாக்கன் ஒருவன் எழுந்து, "சேர், கேக்கேல்லை" என்றான். முன்னுக்கு வந்து இரு என்றேன்.